வெள்ளிக்கிழமைக்குள்ளா, வெள்ளிக்கிழமை வரையா?

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறேன். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. நாள் முழுவதும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர்கள், எழுதியதை அனுப்புவதற்கு முன் ஒரு கணம் தயங்குகிறவர்கள். அந்த ஒரு கணத் தயக்கத்தைக் குறைப்பதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓராண்டுக்கு முன்பு அவர்களில் ஒரு பெண்ணின் பயிற்சி நோட்டில் ஒரே ஒரு சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அதற்கு மேலே வேறொரு சொல்லை எழுதினேன். அடிக்கப்பட்டது ‘வரை’ என்று பொருள்படும் ‘அன்டில்’, எழுதப்பட்டது ‘உள்’ என்று பொருள்படும் ‘பை’. அந்தத் திருத்தம் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அவர் எழுதியிருந்த வாக்கியம் இது: ‘ஐ வோன்ட் ஹாவ் ஃபினிஷ்ட் இட் அன்டில் ஃப்ரைடே.’ அன்று நாங்கள் படித்துக்கொண்டிருந்தது ஃபியூச்சர் பெர்ஃபெக்ட், அதாவது வரப்போகும் ஒரு நேரத்தில் பார்த்தால் ஒரு செயல் முடிந்திருக்கும் என்று சொல்லும் ‘வில் ஹாவ்’ வினைவடிவம். அதற்கு முந்தைய வகுப்பில்தான் பலகையில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தேன்: ‘வில் ஹாவ்’ வந்தால் ‘பை’ வரும், ‘அன்டில்’ வராது. பல ஆண்டுகளாக எல்லா வகுப்பிலும் சொல்லி வந்த விதி அது. முப்பது நோட்டுகளைத் திருத்தும் வேகத்தில் கண் ‘அன்டில்’ என்ற சொல்லைப் பிடித்தது. கை தானாக அடித்தது. வாக்கியம் ‘ஐ வோன்ட் ஹாவ் ஃபினிஷ்ட் இட் பை ஃப்ரைடே’ என்று மாறியது. இலக்கணப்படி அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான செய்தியை அது சொல்கிறது.

முதல் வாக்கியத்தின்படி வேலை வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்கு முன்னால் கேட்காதீர்கள் என்பதுதான் அதன் பொருள். என் திருத்தத்துக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை வந்தும் வேலை முடிந்திருக்காது என்று ஆகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து அதே வாக்கியத்தை, என் திருத்தத்தோடு, அவர் தம் அலுவலகத்தில் மேலாளருக்கு எழுதியிருக்கிறார். கெடு வெள்ளிக்கிழமை. கெடுவுக்குள் முடியாது என்று இவரே எழுத்தில் கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, மேலாளர் அந்த வேலையை அன்று மாலையே இன்னொருவரிடம் மாற்றிவிட்டார். பாதிக்குமேல் முடித்து வைத்திருந்த வேலை அது. அடுத்த வகுப்புக்கு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்து, “சார், வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும்னுதான் சொல்ல வந்தேன். இந்த வாக்கியத்துல எங்க தப்பு பண்ணேன்?” என்று கேட்டார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தன்னிடம்தான் தவறு என்று நம்பிக்கொண்டு வந்திருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் பக்கம் தவறு எதுவும் இல்லை என்று அன்றே வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், நான் சொல்லி வந்த விதி எங்கிருந்து வந்தது, ஏன் பாதி மட்டும் உண்மையாக இருக்கிறது என்று யோசிக்க உட்கார்ந்தேன்.

தமிழ்க் காதுக்குத் தெரிந்த வேறுபாடு

‘அன்டில்’ என்ற சொல்லுக்கு நீளும் தன்மையுள்ள ஒன்று வேண்டும். காத்திருப்பது நீளும், தூங்குவது நீளும், ஓரிடத்தில் தங்குவது நீளும். அவற்றோடு ‘அன்டில்’ இயல்பாகச் சேர்கிறது. முடிப்பது நீளாது. ஒரு வேலையைச் செய்துகொண்டே இருக்கலாம், ஆனால் முடித்துக்கொண்டே இருக்க முடியாது. ஆகவே ‘வெள்ளிக்கிழமைக்குள் முடித்திருப்பேன்’ என்ற பொருளில் ‘அன்டில்’ போட்டால் வாக்கியம் நொண்டுகிறது. ஆனால் முடியாமல் கிடக்கும் நிலை நீளக்கூடியது. இன்று முடியவில்லை, நாளையும் முடிந்திருக்காது, வியாழனன்றும் முடிந்திருக்காது. அந்த நிலை நீண்டு போய் வெள்ளிக்கிழமை அறுபடுகிறது. அதனால்தான் எதிர்மறை வாக்கியத்தில் ‘அன்டில்’ முறையாகவே வருகிறது. என் விதி உடன்பாட்டு வாக்கியத்துக்கு மட்டும் பொருந்துவது. அதை எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டேன்.

இதில் என்னை மிகவும் வருத்தியது என்னவென்றால், இந்த வேறுபாட்டை அந்தப் பெண்ணுக்கு நான் கற்பித்திருக்கவே வேண்டியதில்லை. தமிழ் பேசும் யாருக்கும் அது தெரியும். ‘வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பேன்’ என்கிறோம். ‘வெள்ளிக்கிழமை வரை முடித்துவிடுவேன்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன்’ என்றுதான் சொல்கிறோம். ‘நேற்று வரை கடிதம் வந்தது’ என்று ஒரே ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. ‘நேற்று வரை கடிதம் வரவில்லை’ என்று தாராளமாகச் சொல்லலாம். வருவது ஒரு கணம், வராமலிருப்பது ஒரு நீட்சி. ஆங்கிலத்தில் ‘பை’, ‘அன்டில்’ என்று பிரியும் இடமும், தமிழில் ‘உள்’, ‘வரை’ என்று பிரியும் இடமும் பெரும்பாலும் ஒன்றே. ஒரு சிறு விலகல் உண்டு: நம் ‘வரை’ குறிப்பிட்ட நாளையும் சேர்த்துக்கொண்டதாகக் கேட்பவருக்குப் படலாம். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க நாம் எதிர்மறையையே விட்டுவிட்டு, ‘வெள்ளிக்கிழமைதான் முடியும்’ என்கிறோம். ஆங்கிலம் ‘நாட்’, ‘அன்டில்’ என்ற இரண்டு சொற்களால் செய்வதை நம் ‘தான்’ தனியாகச் செய்துவிடுகிறது. அன்று அந்தப் பெண்ணிடம் ‘இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று நான் கேட்டிருந்தால், ‘வெள்ளிக்கிழமைதான் முடியும்’ என்று சொல்லியிருப்பார். அவர் எழுதியது சரி என்பது எனக்கு அந்த நொடியே விளங்கியிருக்கும்.

அப்படியானால் உடன்பாட்டு வாக்கியத்தில் ஏன் இத்தனை பேர் ‘அன்டில்’ எழுதுகிறார்கள்? நான் கவனித்தவரை, ‘வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது’ என்ற நினைப்பிலிருந்துதான் அது வருகிறது. மனத்தில் கெடு ‘வரை’யாக இருக்கிறது, வேலை ‘உள்’ளாக இருக்கிறது, ஆங்கிலத்துக்குப் போகும்போது கெடுவின் சொல் வேலையோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது.

தமிழ் நேரே வழிகாட்டாத இடமும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. நம் ‘உள்’ ஒரு புள்ளிக்கும் வரும், ஒரு கால அளவுக்கும் வரும். ‘ஐந்து மணிக்குள்’ என்பது கடிகாரத்தில் ஒரு புள்ளி. ‘ஐந்து மணி நேரத்துக்குள்’ என்பது ஓர் அளவு. இரண்டுக்கும் உருபு ஒன்றுதான். ஆங்கிலம் முதலாவதற்கு ‘பை’, இரண்டாவதற்கு ‘விதின்’ அல்லது ‘இன்’ என்று பிரித்துவிடுகிறது. ‘விதின் ஃபைவ் ஓ கிளாக்’ என்று நம்மவர்கள் எழுதுவது இங்கிருந்துதான். அதிலும் ‘இன்’ இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும். ‘ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட் இன் டூ அவர்ஸ்’ என்றால், வேலைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்றும் கொள்ளலாம், இப்போதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முடிந்திருக்கும் என்றும் கொள்ளலாம். இரண்டாவது பொருள்தான் வேண்டும் என்றால் ‘இன் டூ அவர்ஸ் டைம்’ என்று ‘டைம்’ சேர்த்துவிடுவது நல்லது.

எங்கே நின்று திரும்பிப் பார்க்கிறோம்

ஃபியூச்சர் பெர்ஃபெக்டை நான் முதன்முதலாக உண்மையில் புரிந்துகொண்டது, ஹான்ஸ் ரைஹென்பாக் என்ற தத்துவ அறிஞரின் விளக்கத்தைப் படித்தபோதுதான். 1947-இல் வெளிவந்த தருக்க நூலொன்றில் அவர் வினைக்காலங்களை மூன்று புள்ளிகளால் விளக்குகிறார்: பேசும் நேரம், செயல் நடக்கும் நேரம், எந்த நேரத்தில் நின்று செயலைப் பார்க்கிறோமோ அந்த நேரம். சாதாரண எதிர்காலத்தில் செயலும் பார்க்கும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஃபியூச்சர் பெர்ஃபெக்டில் அவை பிரிகின்றன. பேசுகிறவர் மனத்தளவில் முன்னே போய் ஒரு நாளில் நின்றுகொண்டு, அங்கிருந்து பின்னால் திரும்பிப் பார்த்து, ‘முடிந்து கிடக்கிறது’ என்கிறார். ‘பை ஃப்ரைடே’ என்பது வேலை முடியும் நாளைச் சொல்வதே இல்லை. அவர் நிற்கும் இடத்தைத்தான் சொல்கிறது. வேலை செவ்வாய்க்கிழமையே முடிந்திருக்கலாம். சொல்லப்போனால், பேசும் இந்த நேரத்துக்கு முன்பே அது முடிந்திருக்கவும் கூடும். ஒரு பொட்டலம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாத நிலையில் ‘பை டுமாரோ ஹீ வில் ஹாவ் ரிசீவ்ட் இட்’ என்கிறோம். அவர் நேற்றே வாங்கியிருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகிவிடாது. நாளை என்ற இடத்தில் நின்று பார்த்தால் அது கையில் இருக்கும் என்பதுதான் அதன் உறுதிமொழி.

இதைப் பிடித்துக்கொண்டால், எந்தக் காலச்சொல்லைத் தேர்வது என்ற கேள்விக்குப் பட்டியல் தேவைப்படாது. நிற்கும் இடத்தைச் சொல்லும் எந்தச் சொல்லும் பொருந்தும். செயலின் நேரத்தைச் சொல்லும் சொல் வந்தால் எச்சரிக்கை வேண்டும். ‘ஷீ வில் ஹாவ் லெஃப்ட் அட் ஃபைவ்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து மணிக்குப் பார்த்தால் அவர் போயிருப்பார் என்றும் அதைப் படிக்கலாம். அவர் கிளம்பிய நேரமே ஐந்து மணியாக இருக்கும் என்றும் படிக்கலாம். ‘அட் ஃபைவ்’ என்பதை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனால் அது நிற்கும் இடமாகவே பெரும்பாலும் படும். ‘பை ஃபைவ்’ என்று மாற்றினால் ஐயமே இல்லை. ஆகவே ‘பை’ இந்தக் காலத்தோடு அடிக்கடி வருவது யாரோ விதித்த சட்டத்தால் அல்ல. நிற்கும் இடத்தைக் காட்ட அதைவிடத் தெளிவான சொல் ஆங்கிலத்தில் இல்லை என்பதால்தான்.

எத்தனை காலம் என்பதைச் சொல்லும் ‘ஃபார்’ வந்தாலும் இதே நோக்குதான். ‘ஐ வில் ஹாவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால், படிக்கிறவருக்கு ‘எப்போது?’ என்ற கேள்வி எழும். பத்து ஆண்டு என்பது நீளம். அந்த நீளத்தை எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பது சொல்லப்படவில்லை. ‘பை நெக்ஸ்ட் ஜூன்’ சேர்ந்தால்தான் வாக்கியம் கால் ஊன்றுகிறது. தமிழ் இதை எவ்வளவு அழகாகச் சொல்கிறது என்று பாருங்கள்: ‘வருகிற ஜூனோடு நான் இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது.’ அந்த ‘ஓடு’தான் நிற்கும் இடம். உடனிகழ்ச்சிக்கு உரிய உருபை எடுத்து, கணக்கு முடியும் இடத்தில் ஒரு கல்லாக நட்டு வைக்கிறோம். இந்த ‘ஓடு’வை எடுத்துக்காட்டிய பிறகு, என் வகுப்பில் யாரும் ‘ஃபார்’ போட்டுவிட்டு ‘பை’யை மறப்பதில்லை.

‘பை த டைம்’ பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பின் ‘வில்’ வராது, ‘பை த டைம் ஹீ கம்ஸ்’ என்றே வரும் என்பது எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. ஆனாலும் எல்லோரும் ‘வில் கம்’ என்று எழுதுகிறார்கள். காரணம் நம் ‘வருவதற்குள்’ என்ற சொல்லின் வடிவத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். ‘வருவது’ என்பதில் எதிர்கால இடைநிலை உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது இங்கே எதிர்காலத்தைச் சொல்லவில்லை. ‘நேற்று அவர் வருவதற்குள் முடித்துவிட்டேன்’ என்று இறந்தகாலத்திலும் அதே சொல்லைத்தானே சொல்கிறோம்? அது காலம் காட்டாமல் வரிசையை மட்டும் காட்டுகிறது. ஆங்கிலத்தின் ‘கம்ஸ்’ அந்த இடத்தில் செய்வதும் அதுவே.

‘முடித்திருப்பேன்’ என்ற பொறி

வகுப்பறைகளில் ‘வில் ஹாவ் ஃபினிஷ்ட்’ என்பதற்கு ‘முடித்திருப்பேன்’ என்று பொருள் எழுதிப் போடுகிறோம். நானும் எழுதிப் போட்டிருக்கிறேன். இப்போது அதைப் பார்த்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. யாரிடமாவது ‘முடித்திருப்பேன்’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் ‘பிறகு ஏன் முடிக்கவில்லை?’ என்றுதான் கேட்பார். ‘நீ முன்பே சொல்லியிருந்தால் முடித்திருப்பேன்’ என்ற நடக்காத செயலின் வாசனை அந்தச் சொல்லில் அவ்வளவு அழுத்தமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு ‘வுட் ஹாவ்’ என்ற வேறு உருவம் உண்டு. நமக்கு ஒரே உருவம்தான். எது எந்தப் பொருள் என்பதைக் கூட வரும் காலச்சொல்லோ ‘இருந்தால்’ என்ற நிபந்தனையோ சொல்கிறது. ‘வெள்ளிக்கிழமைக்குள்’ வந்தால் ஒரு பொருள், ‘சொல்லியிருந்தால்’ வந்தால் இன்னொன்று, ‘இந்நேரம்’ வந்தால் மூன்றாவது.

அந்த மூன்றாவதில் தமிழும் ஆங்கிலமும் மிகவும் நெருங்கி வருகின்றன. அதைப் பாடத்தில் போதிய அளவு காட்டுவதே இல்லை என்பது என் ஆதங்கம். பயணம் போனவரைப் பற்றி ‘இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது ‘ஹீ வில் ஹாவ் அரைவ்ட் பை நவ்.’ இங்கே எதிர்காலமே இல்லை. நிற்கும் இடம் இப்போது. செயல் நடந்து முடிந்தது. தெரியாதது பேசுகிறவரின் அறிவுக்கு மட்டும்தான். ‘வில்’ இங்கே ஊகத்தின் குறி. நம் ‘இருப்பார்’ என்பதிலுள்ள எதிர்கால இடைநிலையும் அதே வேலையைத்தான் செய்கிறது. எதிர்காலத்தை ‘இன்னும் தெரியாதது’ என்று கொண்டு, அதே உருபை ஊகத்துக்கும் கொடுத்துவிடும் பழக்கம் இரண்டு மொழிக்கும் பொது. ‘பை நவ்’ என்பதில் ‘நவ்’ இருக்கிறதே, எதிர்காலத்தோடு எப்படி வரும் என்று மாணவர்கள் திகைக்கும்போது, ‘இந்நேரம்’ என்ற ஒரு சொல்லை எடுத்து வைத்தால் போதும். திகைப்பு அங்கேயே கரைவதைப் பல முறை பார்த்துவிட்டேன்.

அப்படியென்றால் ‘ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட் பை ஃப்ரைடே’ என்பதற்குத் தமிழ் என்ன? நான் ‘வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன்’ என்றே சொல்லிக்கொடுக்கிறேன். ‘விடு’ என்ற துணைவினை, முடிந்து தீர்ந்த தன்மையை ஏற்றிவிடுகிறது. ஆனால் அது ‘ஐ வில் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே’ என்பதற்கும் தமிழாகுமே என்று ஒருவர் கேட்டார். ஆகும். ‘பை’ இருக்கும்போது ஆங்கிலத்திலும் பெர்ஃபெக்ட் கட்டாயமில்லை. வாக்குக் கொடுக்க எளிய எதிர்காலமே போதும். வெள்ளிக்கிழமை எந்த நிலையில் இருப்போம், அடுத்த வேலையை எங்கிருந்து தொடங்கலாம் என்று திட்டமிடும்போதுதான் ‘வில் ஹாவ்’ தேவைப்படுகிறது.

நம் இலக்கணம் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று மூன்று காலத்தோடு நின்றுவிட்டதால் இந்த நுட்பம் நமக்குப் புதிது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வரப்போகும் செயலை விரைவு கருதி இறந்தகாலத்தால் சொல்லலாம் என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே இடம் கொடுத்திருக்கிறது. இன்னும் சாப்பிட்டு முடிக்காத ஒருவரை, அவருக்காகக் காத்திருப்பவர் ‘இன்னும் உண்ணவில்லையா?’ என்று அழைக்கும்போது, சாப்பிடுகிறவர் ‘உண்டேன், போந்தேன்’ (சாப்பிட்டுவிட்டேன், வந்துவிட்டேன்) என்கிறார். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் இது. நன்னூலோ காலம் இப்படி மாறி வருவதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்று நான்கு காரணங்களைத் தருகிறது. ‘இதோ வந்துட்டேன்’ என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு அதன் பிறகு கிளம்புகிற ஒவ்வொருவரும் அந்த மரபில்தான் பேசுகிறார். ‘இதோ’ என்ற சொல் சற்று முன்னே போய் ஓர் இடத்தில் நிற்கிறது. ‘வந்துட்டேன்’ அங்கிருந்து திரும்பிப் பார்க்கிறது. ஆங்கிலம் ‘வில் ஹாவ்’ என்று இரண்டு துணைவினை வைத்துக் கட்டுவதை நாம் ஒரு காலச்சொல்லையும் ஓர் இறந்தகால வினையையும் வைத்துக் கட்டுகிறோம்.

அதனால் இப்போதெல்லாம் இந்தப் பாடத்தைப் பலகையில் விதியோடு தொடங்குவதில்லை. ‘இந்நேரம்’, ‘அதற்குள்’, ‘ஜூனோடு’, ‘வெள்ளிக்கிழமைதான்’ என்ற நான்கு சொற்களை எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் வைத்து ஆளுக்கொரு தமிழ் வாக்கியம் சொல்லச் சொல்கிறேன். பேசுகிறவர் எந்த நாளில் நிற்கிறார் என்று கேட்கிறேன். பதில் வந்த பிறகுதான் ஆங்கிலம். நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஒரு வகுப்பில் முடிந்த பாடம் இப்போது மூன்று வகுப்புகளுக்கு இழுக்கிறது. நோட்டுகளையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்துவதில்லை. எழுதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன சொல்ல வந்தார் என்று கேட்ட பிறகே பேனாவைத் தொடுகிறேன்.

அந்தப் பெண் இப்போதும் வகுப்புக்கு வருகிறார். போன மாதம் தாம் அனுப்பப்போகும் ஒரு மின்னஞ்சலைக் கொண்டுவந்து காட்டினார். ‘பை ஃப்ரைடே’ என்று எழுதிவிட்டு அங்கேயே நின்றிருந்தார். “சார், இதுல வெள்ளிக்கிழமை சேருமா, சேராதா? வெள்ளிக்கிழமைக்குள்னு சொன்னா எங்க வீட்டுலயே ரெண்டு பேரு ரெண்டு விதமா எடுத்துக்கறாங்க” என்றார். ஆங்கிலத்திலும் அந்த ஐயம் அப்படியேதான் இருக்கிறது. சிலருக்கு அது வெள்ளி மாலை, சிலருக்கு வெள்ளி விடியும்போதே வேலை கையில் இருக்க வேண்டும். இருவரும் கொஞ்ச நேரம் அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவரே ‘ஃப்ரைடே’ என்ற சொல்லுக்கு முன்னால் அம்புக்குறி போட்டு ‘ஃபைவ் ஆன்’ என்று சேர்த்தார். ‘ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட் இட் பை ஃபைவ் ஆன் ஃப்ரைடே.’ படித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் மறுபடி கேட்காமல் அனுப்பிவிட்டார்.